விரலுக்குத் தகுந்த வீக்கம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் படிப்பதற்காக.)



போன கூட்டத்தில் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்ததும், "அடுத்த தடவை நீங்க உடல்நலம் பத்தி ஏதாச்சும் பேசுங்க சார்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் போன வருடம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. வீட்டில் 10 வயதுக்கு மேல் பிள்ளைகள் இருப்பவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

எனக்கு இரண்டு பேத்திகள். மகன் வழிப் பேத்தி என்னை அப்பாரு என்பாள்; மகள் வழிப் பேத்தி அப்பிச்சி என்பாள். இருவருக்கும் அப்போது 12 வயது. மாதக் கணக்கில்தான் வித்தியாசம். பெரியவள் நல்ல சதைப்பிடிப்பு: 152 செ.மீ. உயரம், 60 கிலோ. சின்னவள் ஒல்லி: 140 செ.மீ., 30 கிலோ.

பெரியவளைக் கூட்டிக்கொண்டு பெரியகுளத்துக் கரையில் நடக்கப் போனால், பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான். "தைராய்டாத்தான் இருக்குமுங்க, டெஸ்ட் பண்ணிப் பாருங்க." கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பயம் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். உடனே கழுத்துக்கு ஸ்கேன். சுரப்பியின் அளவு ஏறக்குறைய 6 மில்லி என்று வந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். லீவு நாள் என்பதால் சின்னவளும் கூட வந்தாள்.

டாக்டர் பெரியவளின் உயரம், எடை எடுத்தார். கால்குலேட்டரைத் தட்டினார். "இந்த உடம்புக்கு இந்த அளவு சரிதானுங்க. எடை கூடுதலா இருக்கிற பிள்ளைகளுக்கு டி.எஸ்.எச். லேசா ஏறுறது உண்டு. பெரும்பாலும் எடையால அது ஏறுதே தவிர, அதனால எடை ஏறுறதில்லை. மாத்திரை வேண்டாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

எழுந்திருக்கப் போகும் நேரம். சின்னவள் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்தாள். டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, "அம்மிணி, இன்னொரு வாய் குடி பார்க்கலாம்" என்றார். அவள் விழுங்கியபோது கழுத்தின் அடிப்பாகத்தில் ஒரு புடைப்பு மேலே ஏறி இறங்கியது. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

அவளுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அதே ஏறக்குறைய 6 மில்லி.

ஒரே வயது, ஒரே அளவு. ஆனால் ஒருத்திக்கு அது சரியான அளவு, இன்னொருத்திக்கு வீக்கம். இது எப்படி என்று டாக்டரிடம் விடாமல் கேட்டேன். கணக்குப் பார்த்தே பழகிப்போன புத்தி.

தைராய்டு நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் சுரப்பி. ஸ்கேனில் ஒவ்வொரு சிறகின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, அதை 0.479 ஆல் பெருக்குகிறார்கள். இரண்டு சிறகுகளையும் கூட்டினால் சுரப்பியின் கனஅளவு. பிள்ளை வளர வளரச் சுரப்பியும் வளரும். 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் சுமார் இரண்டு மடங்காகும். ஆனால் அது பிறந்த தேதியைப் பார்த்து வளர்வதில்லை, உடம்பைப் பார்த்து வளர்கிறது.

அதனால் உடம்பின் மேற்பரப்பளவு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எளிய முறை இது: உயரத்தை (செ.மீ.) எடையால் (கிலோ) பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பெரியவளுக்கு 1.59 சதுர மீட்டர். சின்னவளுக்கு 1.08. ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வித்தியாசம்! மாதம் 6,000 ரூபாய் தவணை 60,000 சம்பளக்காரருக்குச் சுமையில்லை, 12,000 சம்பளக்காரருக்குப் பாதிச் சம்பளம். அதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2004-இல் இதற்கு ஒரு அட்டவணை வெளியிட்டது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஆறு இடங்களில், 6 முதல் 12 வயது வரையுள்ள 3,529 பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்து, ஆண், பெண் எனப் பிரித்து, வயதுக்கு ஒன்று, உடல் மேற்பரப்பளவுக்கு ஒன்று என்று அளவுகளைத் தந்தார்கள். சத்துக்குறைவால் பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருக்கிற ஊர்களில், வயதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நம் நாட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால், 1960-களில், இதற்கு ஒரு எளிய இலக்கணம் வைத்திருந்தார்கள். பரிசோதிக்கப்படும் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடச் சுரப்பியின் ஒரு சிறகு பெரிதாக இருந்தால் அது வீக்கம். டாக்டரின் விரல் இல்லை, அந்தப் பிள்ளையின் விரல்! விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் செலவுக்குச் சொன்னார்கள். கழுத்துக்கும் அது சரியாகத்தான் இருக்கிறது.

சரி, சின்னவளுக்கு என்ன? கழுத்து வீங்கினால் முதலில் நினைவுக்கு வருவது அயோடின் குறைவு. ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். அது போதாவிட்டால் சுரப்பி பெரிதாகிச் சமாளிக்கப் பார்க்கும். 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன பகுதிகளில் பிள்ளைகளின் கழுத்து வீக்கம் நன்றாகக் குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டமே தொடங்கியது. தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் 2018-19 தேசிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதற்கும் 76.3 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களிலேயே கடைசி இடம்.

எங்கள் வீட்டில் அயோடின் உப்புத்தான். அப்படிப்பட்ட இடங்களில் வளரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வீங்க முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ என்ற நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்ததால் அந்தப் பெயர். சின்னவளுக்கு அதுதான். டி.எஸ்.எச். மிகவும் கூடியிருந்தது.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் தைத்த சீருடை அவளுக்கு ஏழாம் வகுப்பிலும் சரியாக இருந்தது. "பரவால்ல, ஒரு செலவு மிச்சம்" என்று நான் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உயரம் நின்றுபோனது நோயின் அறிகுறி என்று தெரியவில்லை. எந்நேரமும் சோர்ந்து படுத்தாள். சோம்பேறி என்று திட்டினோம். தைராய்டு என்றால் குண்டாக இருப்பார்கள் என்றே நினைத்திருந்தோம். அதனால் நல்லாயிருந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நோயுள்ள பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப்போனோம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்:

1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் உயரம், எடை எடுத்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். உயரம் ஏறாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். ஏறி இறங்கும் புடைப்பு தெரிகிறதா பாருங்கள். ஒல்லிக் கழுத்தில் சின்னதும் தெரியும், சதைக் கழுத்தில் பெரியதும் மறையும். சந்தேகம் வந்தால் டாக்டர் கையால் பார்க்கட்டும்.

3. ஸ்கேன் எடுத்தால், "இந்த அளவு இந்த உடம்புக்குச் சரியா?" என்று கேளுங்கள். அளவு சரியாக இருந்தாலும் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

4. பருவமடையும் வயதில் கழுத்து லேசாகப் பெரிதாவது பலருக்கு இயல்புதான். ஆனாலும் அதை டாக்டர் சொல்லட்டும், நாமாக முடிவு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையும் வேண்டாம்.

5. கல்லுப்போ தூளுப்போ, பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில், ஈரம் படாமல் வையுங்கள்.

பெரியவள் சாயந்தரம் என்னோடு குளக்கரையில் நடக்கிறாள். அவளுடைய டி.எஸ்.எச். மாத்திரை இல்லாமலே இறங்கிவிட்டது. சின்னவள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். இந்த ஜூன் மாதம் அவளுக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டியதாயிற்று. பில்லை நான்தான் கட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பில்லும் கட்டியதில்லை.