நாக்கு தடித்தால், ருசி குறைந்தால்: தைராய்டையும் கவனியுங்கள்

(மூத்தோருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



தேக்கா சந்தையில் பார்த்துப் பார்த்துக் காய்கறி வாங்கி வந்து குழம்பு வைக்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். உங்களுக்கு மட்டும் உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. "நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலை எடுக்கிறீர்கள். வயதானால் அப்படித்தான் என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்கள், வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள்.

வயது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ருசி குறைவதோடு நாக்கு தடித்தது போலவும், குரல் கரகரப்பாகவும், உடல் எப்போதும் அசதியாகவும் இருந்தால், காரணம் தைராய்டாகவும் இருக்கக்கூடும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

தைராய்டு வாயை எப்படிப் பாதிக்கிறது?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்தான் உடலின் வேகத்தை முறைப்படுத்துகிறது. சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகும். களைப்பு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மறதி ஆகியவை பரவலாகக் காணப்படும் அறிகுறிகள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது.

சுரப்பு நெடுநாள் குறைந்திருந்தால், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பொருள் தோலுக்கு அடியிலும் தசைகளிலும் சேர்கிறது. முகமும் கண் இமைகளும் உப்புவது அதனால்தான். நாக்கிலும் குரல் நாண்களிலும் அது சேரும்போது, நாக்கு தடித்து, பற்களில் அழுந்தி, ஓரங்களில் பல் தடம் பதியலாம். பேச்சு மெதுவாகலாம். குரல் கனத்துப் போகலாம். தூங்கும்போது குறட்டை கூடலாம். வாய் உலர்ந்துபோவதும் ருசி மாறுவதும் சிலருக்கு உண்டு.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தி அன்று. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்தபோது, நாக்கு தடிப்பதையும் குரல் மாறுவதையும் குறிப்பிட்டார். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் மொழியும் இரண்டு தேர்வுகள். நாக்கையும் குரலையும் கவனிக்கும் பழக்கம் நமக்கு என்றைக்கோ உண்டு. அந்தக் கவனத்தோடு இரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும்.

நாக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கண்ணாடியில் நாக்கின் ஓரத்தில் பல் தடம் தெரிந்தவுடன் தைராய்டு என்று பயந்துவிட வேண்டாம். இரவில் பல் கடிக்கும் பழக்கத்தாலும் அந்தத் தடம் வரும். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு.

நாக்கு சிவந்து, வழவழப்பாகி, எரிந்தால் இரும்புச்சத்தோ வைட்டமின் பி12 சத்தோ குறைந்திருக்கலாம். சைவ உணவு மட்டும் உண்போருக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும், ஒவ்வாமை, மன அழுத்தம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் வாயை உலரச் செய்யும். பொய்ப்பல்லை இரவில் கழற்றாமல் தூங்கினால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

ஆகவே, நாக்கோடு உடலின் மற்ற மாற்றங்களையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், ஊரிலிருந்து வாங்கி வந்த லேகியம், சூரணம் உட்பட, எடுத்துச் செல்லுங்கள். 2023ஆம் ஆண்டு தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்தையோ, வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். தேவைப்பட்டால் மருத்துவர் டிஎஸ்ஹெச் அளவைப் பார்க்க இரத்தப் பரிசோதனை செய்வார்.

மாத்திரையும் காலைத் தேநீரும்

தைராய்டு குறைவு உறுதியானால், பெரும்பாலும் லெவோதைராக்சின் மாத்திரை தருவார்கள். உடல் சுரக்க வேண்டிய ஹார்மோனைத்தான் அது ஈடுசெய்கிறது. இந்த மாத்திரையில் பலர் செய்யும் தவறு, காலையில் தேநீரோடு சேர்த்து விழுங்குவது. தேநீர், காப்பி, பால், சோயா பால் ஆகியவை மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீரும் பசியாறலும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

பலன் மறுநாளே தெரியாது. வழக்கமாக 6 முதல் 8 வாரங்களில் இரத்தத்தை மறுபடியும் பரிசோதித்து, மருந்தின் அளவைச் சரிசெய்வார்கள். நாக்கின் தடிப்பும் குரலின் கரகரப்பும் மெல்ல மெல்லத்தான் குறையும். உடம்பு நன்றாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். அயோடின் மாத்திரை, கடற்பாசி மாத்திரை ஆகியவற்றைச் சுயமாக வாங்கி உட்கொள்ளவும் வேண்டாம். அளவுக்கு மீறிய அயோடின் தைராய்டைக் கெடுக்கக்கூடும்.

உங்கள் மகளோ மருமகளோ இந்த மாத்திரையை உட்கொள்பவராக இருந்து கருவுற்றால், உடனே மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வாயைப் பேணுங்கள்

வாய் உலர்ந்தால் பல் சொத்தை விரைவில் வரும். ஃபுளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை பல் துலக்குங்கள். நாக்கை மென்மையாகச் சுத்தம் செய்யுங்கள். அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்துங்கள். ருசி தெரியவில்லை என்று உப்பையும் சர்க்கரையையும் கூட்டாதீர்கள். எலுமிச்சை, இஞ்சி, கொத்தமல்லி, புதினா சேர்த்தால் உணவுக்குச் சுவை கூடும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வேண்டவே வேண்டாம். பல் மருத்துவரிடம் செல்லும்போது தைராய்டு குறைவு இருப்பதையும், என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் ஆறாமல் இருந்தால் பல் மருத்துவரையோ மருத்துவரையோ பாருங்கள். வாய்ப்புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்வது முக்கியம்.

நாக்கோ உதடோ திடீரென வீங்கினாலும், மூச்சு விடச் சிரமமாக இருந்தாலும், பேச்சு சட்டெனக் குழறினாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும், உடனே 995ஐ அழையுங்கள். தைராய்டுக் குறைவு மெதுவாக வருவது. பக்கவாதமும் கடுமையான ஒவ்வாமையும் அப்படி வருவதில்லை.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவாக வரும் மாற்றம் அதை அனுபவிப்பவருக்கே தெரியாமல் போகலாம். பல மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசும் உறவினர், "என்னம்மா, குரலே மாறிப்போச்சு?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும். அம்மா முன்போல் பாடுவதில்லை, பாட்டி ருசித்துச் சாப்பிடுவதில்லை என்று தோன்றினால், "வயசாச்சு" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒருமுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.