நல்வாழ்வும் நம் வீடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நுகர்வும் நல்வாழ்வும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். பூமி வெப்பமடைகிறது, மலையும் ஆறும் அழிகின்றன, ஆகவே தேவையைச் சுருக்கி எளிமையாக வாழுங்கள் என்று இன்று உலகெங்கும் அறிஞர்கள் கூறுகின்றனர். கூற்று மெய்யே. ஆயினும் நம்மிடம் வந்து ஒருவர் எளிமையை உபதேசித்தால் நமக்குச் சற்றுச் சினம் எழுவது இயல்பு. நம் முன்னோர்க்கு எளிமை ஆணையாகச் சுமத்தப்பட்டிருந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை நமது பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒடுக்கப்பட்ட சாதியார் ஓடு வேய்ந்த வீடு கட்டலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன் நகை பூணலாகாது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்கு நெடுங்காலம் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது. நமக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, 1893இல் வில்லுவண்டி ஒன்று வாங்கி, வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்து, தடுக்கப்பட்ட பொதுவழியிலே ஓட்டிச் சென்றார். கணக்கு எழுதுவோர் அதனை வீண் செலவு என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் அவ்வண்டி திறந்த வழியிலேதான் பின்னர் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், தூய ஆடையை நன்கு உடுத்துங்கள், இழிவின் அடையாளமான அணிகளைக் களையுங்கள் என்று பெண்களிடம் சொன்னதும் இதே பொருளில்தான். பொருள் நமக்கு மானத்தின் சின்னமாக இருந்திருக்கிறது.

ஆகையால் நம் இளைஞர் ஒருவர் கடன் பட்டேனும் மட்டப்பா வீடு கட்டினால், அதனை ஏளனம் செய்ய நான் வரவில்லை. ஓலைக் குடிசையில் மழைக்குச் சட்டி வைத்து உறங்கியவரின் மகன் அவர். ஓடு மறுக்கப்பட்டவனுக்குக் கான்கிரீட் இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த வீடு அவருக்கு என்ன தந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வகுத்தார்கள். அண்டை வீட்டாரைப் போல் முகப்பு, கைப்பிடிச்சுவர், பளபளக்கும் தரை என்று ஆசை நீளும்போது மிச்சத்துக்கு மகளிர் குழுக் கடன், நகைக் கடன், வட்டிக் கடன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுத்த பணம் அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விடுகிறது. சித்திரை மாதத்தில் பகலெல்லாம் வெயில் குடித்த அந்தத் தட்டைக் கூரை, இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்குகிறது. அதன் கீழே பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் நிலையை, ஆசிரியர் தொழிலில் இருக்கும் என் போன்றோர் நன்கு அறிவோம். வீட்டின் அளவும் விலையும் கூடியும் பிள்ளைக்குப் படிக்க இடமில்லை என்றால், அதனை நல்வாழ்வு என்று எப்படிச் சொல்வது?

இவ்விடத்தில் லாரி பேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர், 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் அமைக்க இந்தியா வந்தார். இமயமலைப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும் வரை கட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். (காந்தியடிகளோடு நமக்குள்ள வழக்கு வேறு. இயந்திரத்தை வெறுத்தால் உழைப்பாளிக்கு ஓய்வேது, ஓய்வின்றிப் பண்பாடேது என்று அம்பேத்கர் 1945இல் கேட்ட கேள்வி இன்றும் நிற்கிறது. ஆயினும் நல்ல யோசனையை யார் சொன்னாலும் கேட்கலாம்.)

பேக்கர் பரப்பிய முறைகளில் இரண்டை மட்டும் விளக்குகிறேன். முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவது. செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும்; சாந்தும் குறையும்; உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். மற்றொன்று கூரை பற்றியது. தட்டைக் கான்கிரீட் கூரையின் அடிப்பகுதி இழுவிசைக்கு உட்படுவது; அங்கே பாரத்தைத் தாங்குவது கம்பியே; கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துவிட்டால் எடை குறையும், கம்பி குறையும், வெப்பமும் குறையும். ஒரு காலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட அதே ஓடு!

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலிலிருந்து எழுவது. கல்லுக்காகவும் ஜல்லிக்காகவும் நம் மேற்கு மலைகள் உடைபடுவதையும், செங்கல்லுக்காக வயல் மண் வெட்டப்படுவதையும் நாஞ்சில் நாட்டில் யாருக்கும் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. வயல் போனால் முதலில் வேலை இழப்பவர் யார்? 2017இல் ஒக்கிப் புயலிலும் 2021 நவம்பர் வெள்ளத்திலும் இம்மாவட்டம் பட்டதை நாம் மறக்கவில்லை. கால்வாய்க் கரையிலும் தாழ்நிலத்திலும் குடியிருப்போர் வீட்டில்தான் நீர் முதலில் புகும்.

இது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மலிவு வேலையோ என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். எழ வேண்டும். பணக்காரன் மாளிகையில் இருந்துகொண்டு ஏழைக்கு மண் சுவரைப் பரிந்துரைத்தால் அதனை நான் முதலில் மறுப்பேன். பேக்கர் பூந்துறை மீனவர்க்கு வீடு கட்டினார். அதே செங்கல், அதே சிக்கனத்தோடு உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் கட்டினார். பூசாத செங்கற் சுவர்களும் காற்று நுழையும் செங்கற் சாளரங்களும் கொண்ட அம்மையத்தில் நாட்டின் பெரும் பொருளியல் அறிஞர்கள் அமர்ந்து பணியாற்றினார்கள். அங்கே யாரும் மானம் குறைந்து போகவில்லை.

நம்மவர் ஒருவர் செய்ததும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் நம் சமுதாயத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் பயின்று, அரசு ஆராய்ச்சிப் பணியை விட்டு ஊர் திரும்பிய இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். கல் அறுக்கும் ஆலைகளில் கழிவாகக் கிடந்த கிரானைட் துண்டுகளைக் கொண்டு சாக்கடைக் கால்வாய் கட்டினார். மதிப்பீட்டிலிருந்து விலகினார் என்று அவரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தார்கள். பிறகு மீண்டு வந்தார். மதிப்பீடு உயர உயரத் தரகும் உயரும் தொழிலில், குறைத்துக் கட்டுபவனுக்கு இதுதான் பரிசு. அவ்வூர்ச் சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள் எழுந்தன. உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள், உள்ளூர் ஆட்களின் உழைப்பு. ஒரே சுவரின் ஒரு புறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். சுவரில் எத்தனை செங்கல் மிச்சம் என்பதைக் காட்டிலும், அச்சுவரின் இருபுறமும் யார் வாழ்கிறார் என்பதையும் சேர்த்து வரைந்த வீடு அது. இத்தகைய வரைபடத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் குடும்பங்களில் கொத்தனாரும் கையாளும் இல்லாத வீடு அரிது. பொருளில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி கைத்திறனுக்குக் கூலியாக வந்தால், அது நம் தெருவிலேயே தங்கும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் வேண்டாம். எலிப்பொறிக் கட்டுக்கு விளிம்பு சிதையாத நல்ல செங்கல்லும் பழகிய கையும் தேவை. இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெய்யும் நம் ஊரில் மண் சுவர் நிற்க வேண்டுமானால் கடைக்கால் உயரவும் இறப்பு நீளவும் வேண்டும்.

வெள்ளி விழா நினைவாகச் சங்கம் படிப்பகம் ஒன்று கட்டத் தீர்மானித்துள்ளது. வரைபடத்தைப் பார்த்தேன், மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி முகப்பு. மாலை வெயில் நேரே விழும் பக்கம் அது. மின்சாரம் போனால் உள்ளே பிள்ளைகள் உட்கார இயலாது. அடிக்கல் நாட்டு விழாவை இரண்டு மாதம் தள்ளி வைக்கலாம் என்று கட்டடக் குழுவினரை வேண்டுகிறேன். குழுவினர் இருவர், நம் தெருக் கொத்தனார் மூவர், பொறியியல் படிக்கும் மாணவர் சிலர் ஒரு நாள் காலை நாகர்கோவிலில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் உள்ளூரை அடையலாம். சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும், அளந்து வரட்டும். மதிப்பீட்டை மறுபடி போடுவோம். மிச்சமாகும் தொகையில் நூல்கள் வாங்குவதா, பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை எடுப்பதா என்பதைப் பொதுக்குழு கூடி முடிவு செய்யட்டும். பேருந்துச் செலவை நான் தருகிறேன்.