நியூயார்க் மண்டபமும் எங்கள் ஊர் மண்ணும்

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர். விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் முதல் ஷிப்ட் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போவார்கள். கொரியக் கம்பெனியின் கார், ஜெர்மன் கம்பெனியின் லாரி, பிரெஞ்சுக் கம்பெனியின் கண்ணாடி எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் உருவாகின்றன. உலகமே எங்கள் ஊரைத் தேடி வந்துகொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியையான நான் மகளைப் பார்க்க அமெரிக்கா போனேன். “எங்கேம்மா போகணும்?” என்று கேட்டாள். “ஐ.நா. சபைக்குக் கூட்டிப் போ” என்றேன். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்ட பெயர். ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

நியூயார்க்கில், ஆற்றங்கரையில் 39 மாடிக் கட்டடம். முன்னால் உறுப்பு நாடுகள் 193-இன் கொடிகள். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேதமில்லை, எல்லாக் கொடியும் ஒரே அளவு. அருகில் வெண்கலத்தில் ஒரு பெரிய துப்பாக்கி. அதன் குழலை, நாம் கயிற்றில் முடிச்சுப் போடுவதுபோல, முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டுச் சிற்பி ராய்டர்ஸ்வார்ட் செய்தது. லக்சம்பர்க் என்ற குட்டி நாடு 1988-இல் கொடுத்த பரிசு.

உள்ளே என்னை நிறுத்திவிட்டது ஒரு கற்சிலை. நாகசாகி தேவாலயத்தில் இருந்த புனித ஆக்னஸ் சிலை அது. 1945-இல் அணுகுண்டு விழுந்த பிறகு, இடிபாடுகளுக்குள் முகம் குப்புறக் கிடந்ததாம். முன்பக்கம் முகம் அமைதியாக இருக்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முதுகு முழுவதும் வெந்து, கருகி, சொரசொரத்துக் கிடக்கிறது. கல்லே இப்படி வெந்திருந்தால் மனித உடம்பு என்ன ஆகியிருக்கும்?

அந்த நினைப்போடுதான் பொதுச்சபை மண்டபத்துக்குள் நுழைந்தேன். பச்சைப் பளிங்கு மேடை. இரண்டு நிகழ்ச்சிகள் மனத்தில் ஓடின. 1966 அக்டோபரில் இந்த மண்டபத்தில்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். அழைப்பு வரக் காரணமாக இருந்தவர், அப்போது ஐ.நா.வில் உயர் பதவியில் இருந்த தமிழர் சி.வி. நரசிம்மன். போரை விடுத்து நட்பைப் பேணச் சொல்லும் ‘மைத்ரீம் பஜத’ பாடலை அதற்கென்று எழுதிக் கொடுத்தவர் காஞ்சிப் பெரியவர். எங்கள் மாவட்டத் தலைநகரிலிருந்து கிளம்பிய பாட்டு உலகத்தின் காதில் விழுந்தது.

இன்னொன்று, 1988 ஜூன் 9. ஆயுதக் குறைப்புக்கான சிறப்புக் கூட்டத்தில் பிரதமர் ராஜீவ் காந்தி பேசினார். 2010-க்குள் உலகத்தில் ஓர் அணு ஆயுதம்கூட இல்லாமல் செய்ய, படிப்படியான திட்டம் ஒன்றை முன்வைத்தார்.

நேயர்களே, அதன் பிறகு மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1991 மே 21, இரவு பத்து மணி தாண்டியிருந்தது. எங்கள் ஊரில் தேர்தல் கூட்டம். திடீரென்று பெரிய சத்தம். தலைவர் வந்துவிட்டார், வெடி போடுகிறார்கள் என்றுதான் வீட்டில் நினைத்தோம். சற்று நேரத்தில் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். வெடித்தது குண்டு. ராஜீவ் காந்தியோடு, காவலுக்கு நின்ற போலீசார், கட்சிக்காரர்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள் என்று பலர் அங்கே உயிரிழந்தார்கள்.

அந்தக் குண்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1987-இல் இலங்கைக்குப் போன இந்தியப் படைக்கு ‘அமைதிப் படை’ என்று பெயர். அமைதி காக்கப் போனது போரில் இறங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் மடிந்தார்கள். ஈழத் தமிழ்ப் பொதுமக்களும் உயிரையும் வீட்டையும் இழந்தார்கள். 1990-இல் படை திரும்பியது, கசப்பு திரும்பவில்லை. பேசித் தீர்க்காமல் விட்ட பகை கடல் தாண்டியும் வரும் என்பதை நாங்கள் வீட்டு வாசலில் பார்த்தோம்.

அதனால்தான் சொல்கிறேன். ‘பேசிப் பேசி என்ன கிழித்தார்கள்?’ என்று ஐ.நா.வைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறைகள் இருக்கின்றன, 2010 வந்து போய்விட்டது, அணு ஆயுதங்கள் போகவில்லை. ஆனாலும் பகைவர்கள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாகசாகிச் சிலையின் முதுகு சாட்சி. எங்கள் ஊர் மண்ணும் சாட்சி.

நியூயார்க் எல்லோருக்கும் எட்டாது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள ராஜீவ் நினைவகம் பஸ்ஸில் போகும் தூரம்தான். 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தது. ராஜீவ் விழுந்த இடத்தைச் சுற்றி, ஒவ்வொரு விழுமியத்துக்கும் ஒன்றாக ஏழு தூண்கள். அவற்றில் ஒன்று அமைதிக்கானது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தத் தூணருகே நிறுத்தி, 1988-இல் அவர் என்ன பேசினார் என்று சொல்லுங்கள். இலங்கையில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை சண்டை என்று வரும்போது, முதலில் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லும்.