தேதி நம்ம கையில் இருந்தா ரூம் வாடகையும் நம்ம கையில்!

(கொரட்டூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சுற்றுலா ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுற்றுலா போகலாமா என்று கேட்டதும் எல்லாருமே கை தூக்குறோம். தலைக்கு இவ்வளவு ஆகும்னு கணக்குச் சொன்னதும் சில கைகள் மெதுவா இறங்கிடுது. அது யார் கைன்னு பாருங்க. வீட்டு வேலைக்குப் போறவங்க, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினக்கூலிக்குப் போறவங்க, தனியா நின்னு பிள்ளைகளை வளர்க்கிறவங்க. யாருக்கு ஓய்வு ரொம்பத் தேவையோ, அவங்கதான் வீட்டிலேயே நின்னுடுறாங்க. பஸ் வாடகையில் அதிகம் குறைக்க முடியாது. சாப்பாட்டில் குறைக்க நமக்கே மனசு வராது. குறைக்க வழி இருக்கிற ஒரே செலவு ரூம் வாடகை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

வாடகை ஏன் ஏறி இறங்குது?

காலையில் கீரைக்கட்டு என்ன விலை, சாயங்காலம் என்ன விலைன்னு நமக்குத் தெரியும். வாடிப் போற பொருளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால்தான் உண்டு. லாட்ஜ் ரூமும் அப்படித்தான். இன்றைக்கு ராத்திரி காலியாக இருந்த ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. அந்த ராத்திரி போனது போனதுதான். அதனால் கூட்டம் இல்லாத நாளில் வாடகையை இறக்குவாங்க. கூட்டம் வரும்னு தெரிஞ்சா ஏத்திடுவாங்க. முன்பதிவு எல்லாம் செல்போனுக்கு வந்த பிறகு, ஒரே ரூமுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றுகூட ஆகிவிட்டது.

2022-ல் மாமல்லபுரத்தில் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தாங்க. அந்த மாதிரி நேரத்தில் அங்கே நமக்கு மலிவாக ரூம் கிடைக்குமா? 2023-ல் உலகக் கோப்பை கிரிக்கெட்டில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் ஆமதாபாத்தில் என்று அறிவித்ததும் ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறியது. ஒரு நாள் உடல் பரிசோதனை என்ற பெயரில் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டவர்களும் உண்டு என்று பத்திரிகைகளில் வந்தது. பிறகு அந்த ஆட்டத்தை அக்டோபர் 15-லிருந்து 14-க்கு மாற்றினார்கள். பணம் திரும்பக் கிடைக்காத முறையில் பதிவு செய்தவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்!

எந்த ஊருக்கு எப்போது போகக் கூடாது?

நம் ஊர்களின் கூட்டம் பெரும்பாலும் காலண்டரிலேயே இருக்கு. திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும். பழனிக்குத் தைப்பூசம், பங்குனி உத்திரம். திருச்செந்தூருக்கு சூரசம்ஹாரம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. குற்றாலத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். ஊட்டி, கொடைக்கானலுக்கு ஏப்ரல், மே. நம்ம ரயில் பாதையிலேயே இருக்கிற திருவள்ளூருக்குத் தை அமாவாசை, திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகை. கும்பகோணத்தில் 2016 பிப்ரவரி 22-ல் மகாமகம் நடந்தது, அடுத்தது 2028-ல் வருது. விசேஷத்துக்காகவே போறோம்னா அது வேறு. பல மாதம் முன்னாலேயே ஏற்பாடு செய்யணும். சாமி தரிசனம்தான் முக்கியம்னா விசேஷம் முடிந்த மறு வாரம் போனால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

மலைக்குப் போறவங்களுக்கு இன்னொன்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த சீசனுக்கு வண்டிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவையில்லை. நாம வேன் பிடித்துப் போறோம்னா முதலில் பாஸ் விஷயத்தை விசாரிக்கணும், அப்புறம்தான் ரூமுக்கு முன்பணம். மாற்றிச் செய்தால் ரூம் இருக்கும், வண்டி மலை ஏறாது.

சனியா, ஞாயிறா?

சுற்றுலா ஊர்களில் வாரத்தில் அதிக வாடகை வெள்ளி, சனி ராத்திரிகளுக்குத்தான். ஞாயிறு மதியத்தோடு கூட்டம் கிளம்பிடும். ஞாயிறு ராத்திரி ரூம் காலியாக நிற்கும்.

"வேலை நாளில் போனால் எங்க கூலி போகுமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா சனி-ஞாயிறு போனாலும் சனிக்கிழமைக் கூலி போகுது. ஞாயிறு-திங்கள் போனாலும் திங்கட்கிழமைக் கூலி ஒன்றுதான் போகுது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறவங்களுக்குத் திங்கள் கஷ்டம், ஒத்துக்குறோம். அவங்களுக்காகக் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு-திங்கள் வைக்கலாம், மலை ஊரை மட்டும் தவிர்த்துவிட்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 பேர், ரூமுக்கு மூன்று பேர், 14 ரூம், ஒரு ராத்திரி. சனிக்கிழமை வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வரியோடு 29,400. தலைக்கு 700. ஞாயிறு 1,400 ரூபாய்க்குக் கிடைத்தால் வரியோடு 20,580. தலைக்கு 490. மிச்சம் 8,820 ரூபாய். இது 18 பேருடைய ரூம் பங்கு, சகோதரிகளே! தேதியை ஒரே ஒரு நாள் தள்ளினதால் வந்த பணம்.

இதில் இன்னொரு நல்லதும் இருக்கு. ரூம் காலியாக இருக்கும் நாளில் அங்கே பெருக்கித் துடைத்துப் போர்வை துவைக்கிற பெண்களுக்கும் வேலை குறையும். நாம் அந்த நாளில் போனால் அவங்களுக்கும் பிழைப்பு.

வரி எவ்வளவு?

1,000 ரூபாய் வரையிலான ரூமுக்கு முன்பு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 5 சதவீதம்தான். 2,000 ரூபாய் ரூமுக்கு முன்பு 240 ரூபாய் வரி, இப்போது 100 ரூபாய். பழைய பழக்கத்தில் யாராவது 12 சதவீதம் போட்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லை வாங்குங்கள். அந்தப் பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் இந்த வரியை வாங்கவே கூடாது.

போனில் கேட்க வேண்டியவை

முதலில், வரியோடு மொத்தம் எவ்வளவு? எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு? எத்தனை வயசு வரை பிள்ளைக்குக் காசு இல்லை?

அடுத்தது, நேரம். சில இடத்தில் 24 மணி நேரக் கணக்கு. விடிகாலை 5 மணிக்குப் போனால் மறுநாள் 5 மணி வரை. சில இடத்தில் மதியம் 12 மணிக்குக் காலி செய்யணும். விடிகாலையில் போய் இறங்கினால் இரண்டு நாள் வாடகை கேட்பாங்க. ராத்திரி பஸ்ஸில் போகிற நமக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? பணம் திரும்ப வராது என்ற நிபந்தனையோடு வர்ற ரூம் கொஞ்சம் மலிவாத் தெரியும். ஒரு வீட்டில் துக்கம் நடந்தால்கூட நம்ம பயணம் நிற்கும். அதனால் குழுப் பணத்துக்கு அது வேண்டாம்.

கோயில் தேவஸ்தான விடுதி, வேளாங்கண்ணி பேராலய விடுதி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு, இவற்றின் வாடகையையும் கேட்டுவிட்டு மூன்று விலையை எழுதி வைத்துத்தான் முடிவு எடுக்கணும். இவற்றின் பெயரிலேயே போலி இணையதளங்கள் வருது. தனி ஆள் பெயருக்கு முன்பணம் கேட்டால் அனுப்பாதீங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச உடனே 1930-க்குப் போன் பண்ணணும். பில், சேவை பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்று தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாங்க. வர முடியாதவங்க பெயரையும், ஏன் முடியலைங்கிற காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. ஊரை முதலில் முடிவு செய்யாமல், அதிகம் பேர் வரக்கூடிய தேதியை முதலில் முடிவு செய்வோம். மிச்சமாகிற பணத்தை எல்லாருக்கும் பத்து இருபது என்று பிரித்துக் கொடுப்பதா, கை இறக்கின சகோதரிகளை அழைத்துப் போவதா என்பதையும் நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் விருப்பம் இரண்டாவதுதான்.