வேலி ஓடிய சதுக்கம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு வெட்டவெளியைப் பற்றி. வெட்டவெளியில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது, கேளுங்கள்.

இத்தாலியின் கிழக்கோரத்தில் கொரிட்சியா என்றொரு நகரம். 1906-ல் அங்கே ஒரு ரயில் நிலையம் திறந்தார்கள். அதன் முன்னே ஒரு சதுக்கம். யுத்தம் முடிந்தபின், 1947-ல் பாரிஸ் ஒப்பந்தப்படி பூகோளப் படத்தில் கோடு கிழித்தார்கள். பழைய நகரம் இத்தாலிக்கு. ரயில் நிலையமும் சுற்றுக் கிராமங்கள் பலவும் அன்றைய யுகோஸ்லாவியாவுக்கு. சதுக்கத்தின் நடுவே வேலி வந்துவிட்டது. விவசாயிக்கு வீடு ஒரு தேசத்தில், நிலம் மறு தேசத்தில்! மீரென் கிராமத்தில் கோடு இடுகாட்டையே பிளந்துகொண்டு போயிற்று. செத்தவர்களையும் விடவில்லை. 1975 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது நீங்கியது.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. உற்றார் உறவினரைக் காண எல்லையில் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, காவலைத் தாண்டி நகருக்குள் நுழைந்துவிட்டார்கள். உறவினரைக் கண்டார்கள், பிறகு கடைவீதிக்குப் போனார்கள். வாங்கியது என்ன தெரியுமா? துடைப்பம்! அவர்கள் பக்கத்தில் துடைப்பத்துக்கும் தட்டுப்பாடு. அந்த நாளுக்குத் 'துடைப்ப ஞாயிறு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1955-ல் எல்லையோர மக்கள் போய்வர அனுமதிச் சீட்டு கிடைத்தது. அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்த அதிகாரிகள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

ரயில் நிலையத்தின் பக்கம் நோவா கொரிட்சா என்ற புது நகரம் எழுந்தது. 1948 முதல் இளைஞர் தொண்டர் படைகள் அதற்காக உழைத்தன.

2004-ல் ஸ்லொவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சதுக்கத்து வேலியை எடுத்தார்கள். அந்த இடத்தில் என்ன செய்தார்கள்? பெரிய மண்டபம் எதுவும் எழுப்பவில்லை. கோடு ஓடிய தரையில் வட்டமாக ஓர் ஓவியத்தைப் பதித்தார்கள், அவ்வளவே. ஆகவே ஒருநாள் கச்சேரி நடக்கும், ஒருநாள் கூட்டம் நடக்கும், மற்ற நாளில் பிள்ளைகள் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து நிற்பார்கள். நம் களத்துமேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: காலையில் போரடி, இரவில் கூத்து. கட்டடம் கட்டியிருந்தால் சாவி யார் கையில் என்ற தகராறு வந்திருக்கும்!

ஆனால் ஒன்று. சுலபமாகத் திறக்கும் இடம் சுலபமாக மூடவும் படும். 2020 மார்ச்சில் கொரோனா நோயின் பேரால் அதே சதுக்கத்தில் மறுபடி வேலி வந்தது. இரு பக்கத்தாரும் கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் நின்று பேசிக்கொண்டார்கள். ஜூன் மாதம் அது நீங்கியது.

வேலியை எடுக்கவே முடியாத இடத்திலும் வழி கண்டவர்கள் உண்டு. 2019 ஜூலையில் ரொனால்டு ரயேல், வர்ஜீனியா சான் ஃபிராட்டெல்லோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அமெரிக்க - மெக்சிக எல்லைச் சுவரின் இரும்புச் சட்ட இடுக்குகளில் மூன்று ஏற்றப்பலகைகளைச் செருகினார்கள். இந்தப் பக்கக் குழந்தை மேலே போனால் அந்தப் பக்கக் குழந்தை கீழே! ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. பலகைகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொரிட்சியாவின் கதை இன்னும் முடியவில்லை. 2023 அக்டோபரில் இத்தாலி எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. 2025-ல் இரு நகரங்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விழா எடுத்தன.