எட்டு ரூபாய்க் கணக்கு



காலையில் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அங்கே பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறது. அந்தச் சோற்றுக்குப் பணம் யாருடையது? அது முழுவதும் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேருகிறதா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 33 இடங்களில் மட்டும் இருந்தது. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன.

இது தானாக வளரவில்லை. 2001-ஆம் ஆண்டு ராஜஸ்தானில் கடும் வறட்சி. மக்கள் பட்டினி கிடந்தார்கள். அரசுக் கிடங்குகளிலோ தானியம் குவிந்து கிடந்தது. இது என்ன நியாயம் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில்தான் பிள்ளைகளுக்காகப் பல உத்தரவுகள் வந்தன. ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்றது நீதிமன்றம். உணவு வழங்கும் வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் விடக் கூடாது என்று 2004-இல் சொன்னது. 2006-இல் இன்னொன்றும் சொன்னது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருக்கும் இடத்தில் அங்கன்வாடி இல்லையா? மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும்.

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி உணவு சட்டப்படி உரிமை ஆயிற்று. மூன்று வயது வரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவு. அதற்கு மேல் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உணவு உண்டு. இது தானம் அல்ல. உரிமை.

இனிப் பணத்துக்கு வருவோம். முன்பு உணவுச் செலவை மாநில அரசுகளே பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்கள் போதிய பணம் ஒதுக்கவில்லை. 2005-இலிருந்து மத்திய அரசு பாதிச் செலவை ஏற்றது. வடகிழக்கு மாநிலங்களுக்கு 90 பங்கு தருகிறது.

2017-இல் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மிகவும் மெலிந்த பிள்ளைக்கு 12 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 320 ரூபாய். 25 நாளைக்கு 8,000 ரூபாய்.

8 ரூபாய் போதுமா? ஒரு முட்டையின் விலையை நினைத்துப் பாருங்கள். விறகு, எண்ணெய், பருப்பு, காய் என்று எல்லாம் விலை ஏறுகிறது. ஒதுக்கிய பணமும் சில இடங்களில் காலத்தோடு வருவதில்லை. அப்போது அங்கன்வாடிப் பணியாளர் கடையில் கடன் சொல்லிச் சமைக்கிறார்.

அந்தப் பணியாளரின் நிலை என்ன? அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018-இல் மத்திய அரசு அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன. எடை போடுவது, சமைத்துப் போடுவது, பாட்டும் கதையும் சொல்லித் தருவது, தடுப்பூசிக்கு அழைப்பது, பதிவேடு எழுதுவது என்று எல்லாம் அவர் பொறுப்பு. துணைக்கு ஓர் உதவியாளர். பணிக்கொடை பெற இவர்களுக்கு உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே சாப்பாடு சரியில்லை என்றால் உடனே அவர் மேல் பாய வேண்டாம். பணம் வந்ததா, பொருள் வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

பதிவேட்டில் எத்தனை பிள்ளை? பாயில் உட்கார்ந்திருப்பது எத்தனை பிள்ளை? உங்கள் பிள்ளையின் எடை போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு? எழுத்தும் எண்ணும் கற்றவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். கிராம சபையில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உரிய உணவு தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கேட்கவும் உணவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. மனு எழுதவும் தெரியாது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் பெற்றவர்களும் ஊராரும்தான்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். 8 ரூபாய்க் கணக்கைக் கேளுங்கள்.