பட்டாளத்தாருக்குப் பண்டிகைச் சுருட்டு



காவேரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவை அறுவடையாகிக் கையில் நாலு காசு புரளும் சமயத்தில் தீபாவளி வருகிறது. சம்பா களத்துக்கு வரும் சமயத்தில் பொங்கல் வருகிறது. இவ்விரண்டு பண்டிகைகளிலும், பட்டாளத்திலிருக்கும் பிள்ளைக்கு ஏதேனும் அனுப்ப வேண்டுமென்று வீட்டார் நினைப்பது இயல்பு. அதிரசமும் முறுக்கும் தாயார் செய்கிறாள். "பனிப் பிரதேசத்தில் இருக்கிறான், குளிருக்கு ஆகட்டும்" என்று மாமனாரோ தமையனோ ஒரு கட்டுச் சுருட்டும் சேர்ப்பது உண்டு. அன்பின் மிகுதியால் செய்யும் இக்காரியத்தில் ஒரு பிசகு நேர்ந்துவிடுகிறது. வாங்குபவர் தம் வாய்க்குப் பிடித்த காட்டமான சுருட்டையே வாங்குகிறார். பெறுபவன் யார், அவன் பழக்கம் என்ன, அவன் இருக்குமிடம் எத்தகையது என்று யோசிப்பதில்லை.

இவ்விஷயத்தில் யோசனை அவசியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1914-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் குமாரத்தி மேரி இளவரசியின் பெயரால் போர்வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. புகை பிடிப்போருக்குப் புகையிலையும் சிகரெட்டும் குழாயும் வைத்தார்கள். பிடிக்காதோருக்குப் புளிப்பு மிட்டாயும், கடிதம் எழுதக் காகிதமும் பென்சிலும் வைத்தார்கள். சீக்கிய வீரர்களுக்கு அவர்கள் மதத்தில் புகையிலை விலக்கானதால், கற்கண்டும் வாசனைச் சரக்குகளும் அளித்தார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பியவர்களே இவ்வளவு பகுத்துப் பார்த்தார்கள் என்றால், ஒரே பிள்ளைக்கு அனுப்பும் குடும்பத்தாருக்கு அது பெரிய சிரமமன்று. ஆகையால் முதற்காரியம், அவன் புகை பிடிப்பவனா என்று கேட்டறிவது. பிடிக்காதவனுக்குச் சுருட்டு அனுப்புவது இல்லாத பழக்கத்தைக் கற்பிப்பதாகும்.

பிடிப்பவன்தான் என்று தெரிந்தால், தெரிந்தெடுக்கும் வகையைக் கவனிக்க வேண்டும். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு சென்ற நூற்றாண்டுகளில் சீமை வரையில் பெயர் பெற்றது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்புத் துலக்கப் பயன்படுகிறது. உறையூரில் கையினால் சுற்றும் தொழிலுக்குத் திண்டுக்கல் பக்கத்து இலை உதவிற்று. அப்பக்கத்துச் சுருட்டுப் புகையிலையை ஆராய வேடசந்தூரில் 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. நாகப்பட்டினம் ஜில்லாவில் வேதாரண்யம் புகையிலை அருகில் கிடைக்கிறதே, அதை வாங்கி வீட்டிலேயே சுருட்டினால் செலவு குறையுமே என்று சிலர் எண்ணலாம். அது வெற்றிலையோடு மெல்லுவதற்குப் பேர்போன இலை. அதைச் சுருட்டாக்கி அனுப்புவது தகாது.

சுருட்டின் காட்டம் பல காரணங்களால் அமைகிறது. ஒரே செடியில் மேலிலை தடித்துக் காட்டமாயும், அடியிலை மெலிந்து காட்டம் குறைந்தும் இருக்கும். உலர்ந்த இலையை அம்பாரமாக அடுக்கி, உட்சூடு ஏறியபின் பிரித்து மாற்றி அடுக்குவது வழக்கம். இப்பக்குவம் குறைவற நடந்தால் பச்சை நெடியும் நவச்சார வாடையும் நீங்கும். மேலே சுற்றிய இலையின் நிறத்தைக் கொண்டு காட்டத்தை அளவிடக் கூடாது. கறுத்த மேலிலைக்குள் மெல்லிய சரக்கும், வெளுத்த மேலிலைக்குள் கடுஞ்சரக்கும் இருக்கக்கூடும். உள்ளே வைத்த இலை எது என்று வியாபாரியைக் கேட்பதே வழி. பருமனும் நீளமும் குறைந்ததை வாங்குவது நலம். காவல் மாறும் இடைவேளையில் பெரிய சுருட்டை முடிக்க அவகாசம் இராது.

மற்றொன்று. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி விட்டுவிடுவதே முறை. அதிலுள்ள நிகோடின் வாயின் வழியாகவே இரத்தத்தில் சேரும். சிகரெட்டுப் பழகிய வாலிபன் இதை அறியாமல் உள்ளே இழுத்தால் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும். காட்டம் குறைந்ததை அனுப்பச் சொல்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கவேண்டும். மொறமொறவென்று உடைந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்தது. நசுங்கி அப்படியே நின்றால் ஈரம் மிகுந்தது. குண்டூசித் துளை போன்ற துவாரங்கள் இருந்தால் புகையிலை வண்டு புகுந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணம் பிடிக்கும். லடாக் போன்ற வறண்ட குளிர்ப் பிரதேசத்தில் மேலிலை வெடிக்கும். ஆகவே காற்றுப் புகாத தகர டப்பாவில் தனியாக அடைக்கவேண்டும். அதிரசத்தோடும் கற்பூரத்தோடும் சேர்த்து வைத்தால் வாசனை ஒன்றிலொன்று ஏறி இரண்டும் கெடும். தீப்பெட்டியையும் லைட்டரையும் தபால் பார்சலில் வைக்கலாகாது. தீப்பற்றும் பொருள்களுக்குத் தபாலில் தடை உண்டு. 18 வயது நிரம்பாதோருக்குப் புகையிலை விற்கக் கூடாதென்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் விதிப்பதால், கடைக்குச் சிறுவனை அனுப்புவதும் தவறு.

காட்டம் குறைந்தது என்றால் தீங்கற்றது என்று பொருளல்ல. எந்தச் சுருட்டும் வாய்ப்புற்றுக்கும் தொண்டைப்புற்றுக்கும் இடம் கொடுக்கும். சியாச்சின் போன்ற இடங்களில் இன்னும் ஒரு கஷ்டம் உண்டு. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே மூச்சே பாரமாயிருக்கையில், புகையிலுள்ள நச்சுவாயு இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் சக்தியை மேலும் குறைக்கிறது. குளிருக்கு இதமென்று நினைப்பதும் பிழை. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கைகால் விரல்களுக்கு இரத்தம் குறைகிறது. பனிக்கடிக்கு அது துணையாகும். மலைமேல் இருப்பவனுக்குச் சுருட்டே வேண்டாம். நல்ல கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கீழே முகாமில் இருப்பவன் விரும்பிக் கேட்டால் 4 அல்லது 5 போதும், கட்டுக்கட்டாக வேண்டியதில்லை.

கடைசியாகச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வெகுமதிக்கென்று கடன் வாங்குவது, அவன் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை வட்டிக்குக் கொடுப்பதாகும். ஒரே ஊரில் பல வீட்டார் அனுப்புவதாயிருந்தால், கூடிப் பேசி மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் குறையும், சரக்கும் ஒழுங்காயிருக்கும். மிஞ்சும் காசில் ஒரு காகிதக் கட்டும் பேனாவும் வாங்கிப் பார்சலில் வையுங்கள். களத்தில் எத்தனை மூட்டை கண்டது, பசு கன்று போட்டதா, வாய்க்காலில் தண்ணீர் எப்போது நின்றது என்று விவரமாக ஒரு கடிதமும் எழுதி வையுங்கள். அதைப் புகை பிடிப்பவனும் படிப்பான், பிடிக்காதவனும் படிப்பான்.